ஹாட்ரியன்–ஆன்டினோஸ் ஜோடிச் சிலை நகல்கள்: முகத்தை விடுங்கள், முடியைப் பாருங்கள்

ரோமப் பேரரசர் ஹாட்ரியன், அவருடைய காதலன் ஆன்டினோஸ் இருவரின் மார்பளவுச் சிலை நகல்கள் ஜோடியாகவும் விற்பனைக்கு வருகின்றன. பிளாஸ்டர் வார்ப்பு, பளிங்குத் தூள் கலந்த ரெசின் (செயற்கைப் பிசின்), முப்பரிமாண அச்சு என்று மூன்று வகை. மூன்றிலும் முகம் ஓரளவு தேறிவிடுகிறது. கோட்டைவிடுவது தலைமுடியில்.

முடிதானே என்று விட்டுவிட முடியாது. கி.பி. 130இல் ஆன்டினோஸ் நைல் நதியில் மூழ்கி இறந்ததும் ஹாட்ரியன் அவனைத் தெய்வமாக்கினார். நைல் கரையில் ஆன்டினோபோலிஸ் என்ற நகரத்தையே எழுப்பினார். அவனுடைய சிலைகளில் இன்றைக்கும் சுமார் நூறு மிஞ்சியிருக்கின்றன. ஆனால் சிரியாவில் கிடைத்த மார்பளவுச் சிலையைப் போலப் பெயர் பொறித்தவை மிக அரிது. மற்றவற்றை ஆய்வாளர்கள் அடையாளம் காண்பது பெரும்பாலும் நெற்றியில் சுருள்கள் எந்த வரிசையில் விழுகின்றன என்பதை வைத்துத்தான். அந்த வரிசை கலைந்த நகலில் இருப்பவன் அழகான எவனோ ஒரு வாலிபன்.

கலைவதற்குக் காரணம் அச்சு. மூலச் சிற்பி துளைக்கருவியால் சுருள்களுக்கு அடியில் ஆழமாகக் குடைந்திருப்பார். இரண்டு பாக விறைப்பான அச்சில் வார்த்தால், அந்தக் குடைவுகளில் மாட்டிக்கொண்டு வார்ப்பு வெளியே வராது. அதனால் மலிவு நகல் செய்பவர்கள் குடைவுகளை மெழுகாலோ களிமண்ணாலோ அடைத்துவிட்டுத்தான் அச்சே எடுக்கிறார்கள். விளைவு, தலையில் நூடுல்ஸை ஒட்டியது போன்ற முடி. சிலிக்கான் ரப்பர் அச்சு வளைந்து கொடுக்கும். அதில் வார்த்தவற்றில் சுருள்களுக்கு இடையே நிழல் விழும். வாங்குமுன் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். நேர் வெளிச்சப் படத்தில் எல்லா நகலும் நல்ல நகல்தான்.

ஹாட்ரியனிடம் சோதனை வேறு. முழுத் தாடியோடு சிலைகளில் காட்டப்பட்ட முதல் ரோமப் பேரரசர் அவர். எனவே தாடி வைத்த எந்தத் தலையையும் அவர் பெயரில் விற்றுவிடுகிறார்கள். உச்சியிலிருந்து முன்னால் வாரிய முடி நெற்றிக்கு மேல் சுருள் வரிசையாக முடிகிறதா என்று பாருங்கள். பிறகு காது. அவருடைய பல சிலைகளில் காதுமடலின் கீழ்ப்பகுதியில் சாய்வாக ஒரு மடிப்புக் கோடு இருக்கும். இதய நோயின் அறிகுறியாக அதை மருத்துவர்கள் சிலர் விவாதித்ததும் உண்டு. 30 செ.மீ. நகலில் அந்தக் கோடு தெரிந்தால் அச்சு நல்ல அச்சு. கண்ணையும் கவனியுங்கள்: கருவிழி வட்டத்தைக் கீறி, பாவையைத் துளையிட்டுக் காட்டும் பழக்கம் ரோமப் பளிங்குச் சிலைகளில் பரவியது ஏறத்தாழ அவர் காலத்தில்தான். துளைக்குப் பதில் கறுப்புப் பெயின்ட் புள்ளி வைத்த நகல்களைத் தொடவே வேண்டாம்.

எந்த மூலத்தின் நகல் என்று விற்பவர் சொல்லவில்லையா? அதுவே ஒரு பதில். ஜோடியாக வைக்க எனக்குத் திருப்தியானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பவை. இரண்டும் சார்லஸ் டவுன்லி என்பவரின் சேகரிப்பிலிருந்து 1805இல் வந்தவை. ஆன்டினோஸ் கிரேக்க மதுக்கடவுள் டயோனிசஸைப் போல ஐவிக்கொடி மாலை சூடியிருப்பான். கடைகளில் அதிகம் கிடைப்பது பாரிஸ் லூவர் மியூசியத்தில் உள்ள, மொண்ட்ராகோனே தலை எனப்படும் ஆன்டினோஸ் தலை. மூலம் கிட்டத்தட்ட 95 செ.மீ. உயரம், ஆளளவைவிட மிகப் பெரிது. வேறு பொருளால் பதித்திருந்த கண்கள் போய் இப்போது குழிகள் மட்டும் இருக்கின்றன. அதை 30 செ.மீ.க்குச் சுருக்கினால் முடியின் இழைகள் மழுங்கும், கண்குழி வெறும் பள்ளமாகும். ஆளளவு மூலத்திலிருந்து எடுத்த ஹாட்ரியனுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வெவ்வேறு கை வேலை என்பது அப்பட்டமாகத் தெரியும். ரோமின் பலாட்ஸோ ஆல்டெம்ப்ஸ் மியூசியத்தில் உள்ள ஆன்டினோஸ் சிலையின் நகலிலும் எச்சரிக்கை தேவை: அதன் முகம் பிற்காலத்தில் பழுதுபார்த்தபோது வைத்தது. அசல் முகத்துண்டு சிகாகோ கலைக்கூடத்தில் இருப்பதை ஆய்வாளர்கள் உறுதிசெய்து, 2016இல் அதையே மையமாக வைத்துக் கண்காட்சியும் நடத்தினார்கள்.

பொருள் என்று பார்த்தால் என் ஓட்டு பிளாஸ்டருக்கு. எடைக்கணக்கில் 100 பங்கு தூளுக்குச் சுமார் 70 பங்கு தண்ணீர் சரியான கலவை. தண்ணீர் கூடினால் காய்ந்த பிறகு விரலில் சுண்ணாம்பு போல ஒட்டும். அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சுருள்களுக்குள் ஊசிமுனை ஓட்டைகள் இருந்தால், குமிழி போகத் தட்டாமல் வார்த்திருக்கிறார்கள். ரெசின் கீழே விழுந்தாலும் அவ்வளவு எளிதில் உடையாது, ஆனால் வெயில் படும் ஜன்னலோரத்தில் மஞ்சளடிக்கும். முப்பரிமாண அச்சில் 0.2 மி.மீ. அடுக்கு என்றால் கன்னத்தில் வரி வரியாகத் தெரியும். உப்புத்தாளால் தேய்த்தால் வரியோடு உதட்டின் விளிம்பும் போய்விடும். 0.05 மி.மீ. அடுக்குள்ள திரவ ரெசின் அச்சே கேளுங்கள்.

தோல் வழவழப்பு, முடி சொரசொரப்பு என்ற வேறுபாடு ஆன்டினோஸ் சிலைகளின் உயிர். கிரீஸின் டெல்ஃபியில் உள்ள அவன் சிலையில் அந்த மெருகு இன்னும் தெரிகிறது. மொத்தத்துக்கும் ஒரே வார்னிஷ் அடித்திருந்தால் அது செத்துவிடும். பிளாஸ்டரை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மென்தூரிகை போதும். ஆன்டினோஸ் தலை தாழ்ந்திருப்பவன். கண்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால்தான் முகம் கிடைக்கும். ஹாட்ரியனைக் கண்மட்டத்திலேயே வையுங்கள்.