மிசஸா, எம்.எஸ்.ஸா?

ஆங்கிலக் கடிதத்தில் ஆணுக்கு மிஸ்டர் போட்டால் வேலை முடிந்தது; மணமானவரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணுக்குத்தான் மிசஸ் (Mrs) போடுவதா, எம்.எஸ். (Ms) என்று எழுதுவதா என்ற குழப்பம்.

மிசஸ் மணமான பெண்ணுக்கு. கணவர் இறந்தபின்பும் பலர் அதையே வைத்துக்கொள்கிறார்கள். பழைய முறையில் பெண்ணின் சொந்தப் பெயரே மறைந்து, கணவரின் முழுப் பெயருக்கு முன்னால் மிசஸ் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது அறவே பிடிக்காது. ஆனாலும் ஒருவர் விரும்பித் தன்னை மிசஸ் என்று எழுதினால், நாமும் அப்படியே எழுதுவதுதான் மரியாதை.

எம்.எஸ். திருமண நிலையைச் சொல்லாது. 1901-லேயே அமெரிக்கப் பத்திரிகை ஒன்று இதைப் பரிந்துரைத்தது, பரவியதென்னவோ 1970-களில்தான். நியூயார்க் டைம்ஸ் 1986 வரை இதை ஏற்கவில்லை! விவரம் தெரியாதபோது, குறிப்பாக அலுவலகக் கடிதத்தில், கண்ணை மூடிக்கொண்டு இதையே போடலாம். வாசிக்கும்போது எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டாம். மிஸ் போலத்தான், முடிவு மட்டும் கொஞ்சம் அதிரும்.

அப்புறம், எதைப் போட்டாலும் பின்னால் வருவது குடும்பப் பெயர் அல்லது முழுப் பெயர். ஜேன் ஸ்மித் என்பவரை மிசஸ் ஜேன் என்றால் ஆங்கிலேயர் காதுக்கு விநோதமாக இருக்கும். சுருக்கத்துக்குப் பின் அமெரிக்கர்கள் புள்ளி வைப்பார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் வைப்பதில்லை.