ப்ளோட்டினஸ் படிக்க எந்தப் பதிப்பை வாங்கலாம்?

மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவஞானி ப்ளோட்டினஸ் கிரேக்கத்தில் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு 'எனியட்ஸ்'. அது முழுவதையும் ஆங்கிலத்தில் படிக்க நினைப்பவர்கள் 2018-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஒரே தொகுதியை முதலில் வாங்கலாம். பதிப்பாசிரியர் லாய்ட் கெர்சன். அவரையும் சேர்த்து ஆறு பேரின் மொழிபெயர்ப்பு. 54 கட்டுரைகளோடு, சீடர் போர்ஃபிரி எழுதிய வாழ்க்கை வரலாறும் இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கு முன்பும் வாதத்தின் சுருக்கம் உண்டு. ப்ளோட்டினஸ் எதிர்வாதத்தை யாருடையது என்று சொல்லாமலே நுழைத்துவிடுவார். எது கேள்வி, எது அவர் முடிவு என்று பிடிபடாமல்தான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். அந்தச் சிக்கலில் இந்தச் சுருக்கம் பெரிய துணை.

கிரேக்க மூலம் இதில் இல்லை. அது வேண்டுமென்றால் ஆம்ஸ்ட்ராங் மொழிபெயர்த்த லோப் பதிப்பு. இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம். ஏழு தொகுதிகளையும் வாங்க வேண்டியதில்லை. அறம், தன்னிலை பற்றியவற்றுக்கு முதல் தொகுதி, அறிவு பற்றியதற்கு ஐந்தாம் தொகுதி போதும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மெக்கென்னா மொழிபெயர்ப்பு (1917–1930) அருமையான உரைநடை. ஆனால் ஆன்றி, ஷ்வைட்சர் இருவரின் திருத்தமான கிரேக்க மூலப்பாடம் 1951-இலிருந்துதான் வெளிவந்தது. எனவே வாதத்தை வரிவரியாகச் சரிபார்க்க மெக்கென்னாவை நம்ப வேண்டாம்.

எந்தப் பதிப்பானாலும் முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள். கி.பி. 270-இல் ப்ளோட்டினஸ் மறைந்த பின் போர்ஃபிரி கட்டுரைகளைப் பொருள்வாரியாக, ஒன்பது ஒன்பதாக ஆறு தொகுப்புகளில் அடுக்கினார். 3.8 என்றால் மூன்றாம் தொகுப்பின் எட்டாம் கட்டுரை. எண்ணிக்கை பொருந்த, ஒரே நீண்ட நூலை நான்காக வெட்டினார்: 3.8, 5.8, 5.5, 2.9. இவற்றை இதே வரிசையில் சேர்த்துப் படித்தால்தான் வாதம் தொடரும். புத்தகத்தில் முதலில் நிற்கும் 1.1, எழுதிய வரிசையில் 53-ஆவது. இன்பமும் பயமும் யாருக்கு நேர்கின்றன, ஆன்மாவுக்கா, உடலோடு கூடிய உயிருக்கா என்று அது கேட்கிறது. அவர் பதில் இரண்டாவதுதான். 'நாம்' என்பதையும் அவர் இரண்டு பொருளில் கையாள்கிறார்: உடலின் விலங்குத்தன்மையையும் சேர்த்து ஒன்று, அதற்கு மேலே நிற்பது இன்னொன்று. ஆன்மா எப்படி இறங்கியது, எது இறங்காமல் மேலேயே நிற்கிறது என்பதை 4.8-இல் படிக்காமல் 1.1-க்கு வந்தால் இந்த வேறுபாடு காற்றில் தொங்கும்.

1.6, 4.8, 5.1, 1.2, 1.1, 5.3 என்ற வரிசை நன்றாக வேலை செய்கிறது. 1.2-ஐ ஏழாம் அத்தியாயம் வரை முடித்துவிடுங்கள். அது அறங்களின் படிகளைப் பற்றியது. குடிமை அறங்கள் ஆசைக்கு அளவு வைக்கின்றன. தூய்மைப்படுத்தும் அறங்கள் ஆன்மாவை உடலின் பிடியிலிருந்து விலக்குகின்றன. உயர்ந்த அறத்தை உடையவரிடம் தாழ்ந்ததும் ஆற்றலளவில் உண்டு, மறுதலை உண்மையாக வேண்டியதில்லை என்ற முக்கியமான உறவு அந்தக் கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது.

5.3-இன் முதல் ஐந்து அத்தியாயங்கள்தான் எல்லாவற்றிலும் கடினம். மனத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை அறிந்தால், அறிகிற பகுதி அறியப்படாமலே நின்றுவிடும், அது தன்னறிவாகாது. அறிவதும் அறியப்படுவதும் ஒன்றேயான நூஸுக்கு (தூய அறிவுக்கு) மட்டுமே முழுத் தன்னறிவு உண்டு, ஆராய்ந்து சிந்திக்கும் நாம் நூஸைப் பயன்படுத்தும்போதுதான் அது நம்முடையது. நாளுக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் எடுக்க வேண்டாம்.