எல்இடி கடிகார முகப்புக்கு நிறம் ஏற்ற எது நல்லது: ஃபிலிமா, பெயின்ட்டா, சாயமா?

டிஎம்1637 மாட்யூலை (எல்இடி எண்களைக் காட்டும் சின்ன போர்டு) வைத்து வீட்டிலேயே டிஜிட்டல் கடிகாரம் செய்தால், கடைசியில் சிக்கல் பெட்டியில்தான் வரும். புரோகிராம் ஓடுகிறது, நேரமும் சரி. ஆனால் நிறமில்லாத அக்ரிலிக் முகப்புக்குப் பின்னால் எரியாத கோடுகள்கூட வெளுப்பாகத் தெரிகின்றன. 1 என்ற எண், மங்கலான ஒரு 8-இன் மேல் எழுதியதுபோல் இருக்கிறது. போதாததற்கு ஒயர், சாலிடர், பச்சை போர்டு எல்லாம் பல்லிளிக்கின்றன. முகப்புக்குக் கொஞ்சம் நிறம் ஏற்றினால் இத்தனையும் மறையும்.

எப்படி ஏற்றுவது என்பதற்கு முன்னால், எந்த நிறம் என்பதை முடிவு செய்யுங்கள். பலரும் இதைத்தான் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அறை வெளிச்சம் முகப்பை இரண்டு தடவை கடக்கிறது: உள்ளே போகும்போது ஒரு தடவை, பட்டுத் திரும்பும்போது ஒரு தடவை. எல்இடி வெளிச்சம் ஒரே தடவைதான் கடக்கிறது. பாதி ஒளியை விடும் புகை நிற முகப்பு என்றால் எண்களின் ஒளியில் 50 சதவீதம் வெளியே வரும். உள்ளே இருக்கும் அலங்கோலத்தின் பிரதிபலிப்பு 25 சதவீதம்தான் வரும். 20 சதவீதம் விடும் முகப்பில் எண்ணுக்கு 20, அலங்கோலத்துக்கு வெறும் 4. எண் மங்கினால் டிஎம்1637-இல் 8 படி வெளிச்சம் இருக்கிறது, கூட்டிக்கொள்ளலாம்.

சிவப்பு எண் என்றால் இன்னும் வசதி. சிவப்பு முகப்பு, எல்இடியின் சிவப்பைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டுப் பச்சையையும் நீலத்தையும் விழுங்கிவிடும். பச்சை போர்டு கறுப்பாகவே தெரியும். அதே முகப்பை நீல எல்இடிக்கு முன்னால் வைத்தால் கடிகாரமே அணைந்ததுபோல் ஆகிவிடும். வெள்ளை எல்இடிக்குப் புகை நிறம் ஒன்றே வழி. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கலர் கண்ணாடிப் பேப்பரை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று வைத்துப் பாருங்கள், நிறம் முடிவாகிவிடும். அதையே நிரந்தரமாக ஒட்ட வேண்டாம், சுருங்கும்.

சரி, இனி வழிகள். தட்டையான முகப்புக்கு என் ஓட்டு சன் ஃபிலிமுக்கு, அதாவது காருக்கு ஒட்டும் கூலிங் பேப்பருக்கு. 2012-இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை போட்டது. மேசைக் கடிகாரத்துக்கு அந்தக் கவலை இல்லை. எத்தனை சதவீதம் ஒளி விடும் என்று சொல்லியே விற்பதால் மேலே போட்ட கணக்கு நேராக உதவும். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஃபிலிமை மிதக்க விட்டு, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் போதும். முகப்பின் உள்பக்கம் ஒட்டினால் கீறல் விழாது. இரண்டு எச்சரிக்கை. கண்ணாடிபோல் மின்னும் ரகத்தை வாங்காதீர்கள். வெளி வெளிச்சத்தை உங்கள் முகத்துக்கே திருப்பியடிக்கும். முகப்பு பாலிகார்பனேட் என்றால் சில நாள் கழித்துக் குமிழ் எழலாம், அந்த பிளாஸ்டிக் தன்னுள் இருக்கும் ஈரத்தை வெளியே விடும். வளைந்த மூடிக்கு ஃபிலிம் சரிவராது. ஹாட் ஏர் கன் பிடித்து வளைக்கப் போனால் ஃபிலிமுக்கு முன்னால் மூடி வளைந்துவிடும்.

சிவப்பு மட்டும் போதும் என்றால் ஃபிலிமைவிடச் சுலபமானது கலர் அக்ரிலிக் ஷீட். சைன்போர்டு கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு கேளுங்கள். ஊடுருவித் தெரியும் சிவப்புதான் வேண்டும். பால் கலந்ததுபோல் இருக்கும் போர்டு ஷீட் எண்களைக் கரைத்துவிடும். எரிகிற மாட்யூலைக் கையோடு கொண்டுபோய்ப் பின்னால் வைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம்.

பெயின்ட்டுக்குத்தான் ஆசைப்படுபவர்கள் அதிகம், கெடுத்துக்கொள்பவர்களும் அதிகம். ஒளி ஊடுருவும் பெயின்ட்டில் கனம்தான் நிறம். பிரஷ் இரண்டு தடவை பட்ட இடம் கறுக்கும், ஓரத்தில் தேங்கிய சொட்டு இன்னும் கறுக்கும். பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது ஒவ்வொரு கோடும் எக்ஸ்ரேயில் எலும்பு தெரிவதுபோல் தெரியும். மாடல் பொம்மைகளுக்கு பெயின்ட் விற்கும் டாமியாவின் எக்ஸ்-19 புகை நிறமும் எக்ஸ்-27 தெளிந்த சிவப்பும் அருமையான பெயின்ட்கள். ஆனால் ஏர்பிரஷ்ஷில் (காற்றால் பெயின்ட்டைத் தெளிக்கும் கருவி), மெல்லிய பல பூச்சாக அடித்தால்தான். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் கண்ணாடி ஓவியத்துக்கான பெயின்ட்டை, மட்டம் பார்த்து வைத்த முகப்பின் மேல் ஊற்றித் தானாகப் பரவ விடலாம். தூசி விழாமல் மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். தின்னர் கலந்த பெயின்ட் என்றால் முதலில் ஒரு துண்டில் சோதியுங்கள். லேசரில் வெட்டிய அக்ரிலிக்கின் விளிம்பில் இழுவிசை தங்கியிருக்கும். ஸ்பிரிட் பட்டாலே அங்கே மயிரிழை விரிசல் ஓடக்கூடும்.

மார்க்கர் பேனா பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோடு கோடாக விழும், வெயிலில் வெளுக்கும்.

சாயத்தில் முக்குவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் சிஆர்-39 பிளாஸ்டிக் லென்ஸுக்கு நிறம் ஏற்றுவது இந்த முறையில்தான்: கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கிய சாயத்தில் லென்ஸை முக்கி வைக்கிறார்கள். சூட்டில் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் கொஞ்சம் நெகிழ, சாயம் மேற்பரப்புக்குள் ஊறிவிடுகிறது. மேலே படலம் எதுவும் இல்லை, அதனால் உரியவும் செய்யாது. அரைக்கோள மூடி, பட்டன் தலை போன்ற வளைந்த சாமானுக்கு இதற்கு இணை இல்லை.

சாயமும் பிளாஸ்டிக்கும் பொருந்துவதில்தான் விஷயம் இருக்கிறது. பருத்திச் சேலைக்குப் போடும் சாயம் பிடிக்காது. பாலியஸ்டருக்கான டிஸ்பர்ஸ் சாயம் வேண்டும். அக்ரிலிக் சுமார் 100 டிகிரியில் இளகத் தொடங்கும், எனவே தண்ணீர் 80-ஐ ஒட்டி நின்றால் போதும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் அந்தச் சூட்டிலேயே சுருண்டுவிடும். பாலிகார்பனேட் அதிகச் சூடு தாங்கும், அதனாலேயே அடுப்புத் தண்ணீரில் அதற்குள் சாயம் சரியாக இறங்காது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கழுவி, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள்; ஏறிய நிறத்தை இறக்குவது கடினம். சாயம் போட்ட பாத்திரத்தில் மறுபடி சமைக்கக் கூடாது.

எந்த வழியானாலும், முகப்பை எண்களை ஒட்டினாற்போல் பொருத்துங்கள். பளபளப்பான வெளிப்பக்கத்தில் ஜன்னல் தெரிந்து தொந்தரவு செய்தால், நிறம் ஏற்றுவதற்கு முன்பே 1000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அந்தப் பக்கத்தை ஒரே திசையில் தேய்த்துவிடலாம். எண்ணுக்கும் முகப்புக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டவர்கள் மட்டும் தேய்க்க வேண்டாம், எண்கள் கலங்கிவிடும்.