அப்பர்ச்சர் படங்களை ‘அப்படியே மாற்றித் தருகிறோம்’ என்பவர்களிடம் வன்தட்டைக் கொடுக்கும் முன்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் திருமண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று படம் எடுத்துப் பிழைப்பவர்களில், ஆப்பிள் கணினியில் படங்களை அடுக்கித் திருத்தும் அப்பர்ச்சர் மென்பொருளை வைத்து வேலை செய்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்தப் பதிவு முதலில் அவர்களுக்கானது. அந்த மென்பொருள் நின்றுபோனதைச் சாக்காக வைத்து, பழைய படங்களைத் திருத்தங்களோடு அப்படியே லைட்ரூம் என்ற இன்னொரு படத்திருத்த மென்பொருளுக்கு மாற்றித் தருவதாகவும், கூடவே லைட்ரூமின் ‘ஆயுட்கால உரிமம்’ தருவதாகவும் சொல்லிப் பணம் வாங்கும் ஒரு வியாபாரம் நடக்கிறது. நான் அதற்கு 45,000 ரூபாய் கொடுத்தேன். திருத்தங்கள் வரவில்லை, உரிமம் என்று தந்தது உரிமமே இல்லை, என்னிடம் இருந்த அப்பர்ச்சர் நூலகமும் (படங்களும் திருத்தங்களும் சேர்ந்திருக்கும் தொகுப்பு) அழிக்கப்பட்டது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. செய்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால், யார் செய்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அப்பர்ச்சரைப் பற்றி அறியாத இளையவர்களுக்காகச் சிறு விளக்கம். ஆப்பிள் நிறுவனம் 2005 இல் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்களுக்காக வெளியிட்ட மென்பொருள் அது. 2014 யூன் மாதத்தில் அதை இனி வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்தார்கள். 2015 ஏப்ரலில் ‘போட்டோஸ்’ செயலி வந்தபோது விற்பனையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஏற்கனவே வாங்கியவர்களின் கணினியில் அது தொடர்ந்து இயங்கியது. ஆனால் 2018 இல் வந்த மொஜாவே இயங்குதளம்தான் அதற்குக் கடைசி. 2019 ஒக்டோபரில் வந்த அடுத்த இயங்குதளமான கட்டலினாவில் அப்பர்ச்சர் திறக்காது. இதை ஆப்பிள் முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருந்தது என்பதையும், கட்டலினாவுக்குப் போகும் முன் நூலகத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றிக்கொள்ளும்படி அறிவுறுத்தியிருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என்னைப் போன்றவர்கள் மொஜாவேயிலேயே கணினியை நிறுத்தி வைத்துப் பல வருடம் வேலை பார்த்ததற்கும் காரணம் இருந்தது. லைட்ரூமை ஒருமுறை பணம் கொடுத்துச் சொந்தமாக வாங்கும் வழி 2015 இல் வந்த ஆறாம் பதிப்போடு முடிந்துவிட்டது. அதன் பிறகு மாதச் சந்தா, அதுவும் டொலரில். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்ட பிறகு 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களிலேயே 360 ரூபாயைத் தொட்ட காலத்தில், கல்யாண ஓடர்களும் குறைந்து மின்வெட்டும் நீண்டிருக்க, யார் புதிதாகச் சந்தா கட்டப் போகிறார்கள்?

கடைசியில் கமராதான் கட்டாயப்படுத்தியது. அப்பர்ச்சருக்கு ரோ கோப்புகளை, அதாவது கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்புகளை, திறக்கும் ஆற்றல் இயங்குதளத்திலிருந்தே வருகிறது. இயங்குதளம் பழையதாக நின்றுவிட்டால் புதிய கமராக்களின் ரோ கோப்புகள் அதற்குப் புரியாது. புதிதாக வாங்கிய கமராவின் கோப்புகளை என் கணினி திறக்க மறுத்தபோதுதான், கணினி திருத்தும் கடை ஒன்றில் விசாரித்தேன். கடையில் இருந்த தம்பி மிகுந்த நம்பிக்கையோடு பேசினார். “ஒண்டும் யோசிக்காதீங்க அண்ணன், எடிட் எல்லாம் அப்பிடியே வரும், ஸ்டார் குடுத்தது, பேர் போட்டது ஒண்டும் மாறாது, லைட்ரூம் லைஃப்டைம், இனிக் காசே கட்டத் தேவையில்லை” என்றார். கணினியையும் நூலகம் இருந்த வெளி வன்தட்டையும் ஒன்றாகக் கேட்டார், கொடுத்தேன்.

திரும்பி வந்த கணினி பார்ப்பதற்குப் புதிதாகத்தான் இருந்தது. கட்டலினா ஏற்றியிருந்தார்கள், லைட்ரூம் இருந்தது, படங்கள் எல்லாம் இருந்தன. அப்பர்ச்சரின் சின்னத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட வட்டம் விழுந்திருந்தது. அடுத்த சில வாரங்கள் புதிய வேலைகளையே செய்துகொண்டிருந்ததால் பழைய படங்களுக்குள் போக வேண்டிய தேவை வரவில்லை.

பாலையூற்றிலிருந்து ஒரு குடும்பம் வந்தபோதுதான் விடயம் வெளியே தெரிந்தது. தகப்பனார் தவறிவிட்டார், முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவு மலர்) அச்சடிக்க வேண்டும், மகளின் கல்யாணத்தில் நான் எடுத்த படத்தில்தான் அப்பா நன்றாக இருப்பார் என்றார்கள். எங்கள் தொழிலில் இது வழமை. கல்யாண அல்பம் கொடுத்து முடித்துப் பல வருடம் கழித்து, அதிலிருக்கும் ஒரு முகத்தைத் தேடி வருவார்கள்; அந்த நேரத்தில் இல்லை என்று சொல்ல வாய் வராது. அந்தப் படம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மண்டபத்தின் குழல் விளக்கால் முகத்தில் விழுந்திருந்த பச்சைச் சாயத்தை எடுத்து, நெற்றி வியர்வையின் பளபளப்பைக் குறைத்து, பக்கத்தில் நின்றவரின் கை தெரியாமல் வெட்டி, பட்டு வேட்டியின் கரை நிறம் கெடாமல் முகத்தை மட்டும் தூரிகையால் வெளிச்சமாக்கி, ஐந்து நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். லைட்ரூமில் வந்து நின்ற படத்தில் பச்சை முகமும் இருந்தது, பக்கத்து மனிதரின் கையும் இருந்தது. நட்சத்திரம் இல்லை. குடும்பத்தின் பெயரால் தேடினாலும் ஒன்றும் வரவில்லை. திகதியை ஊகித்துக் கோப்புறை கோப்புறையாகத் திறந்துதான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

அந்தக் கோப்புறைகளின் பெயர்களே கடையில் என்ன செய்தார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்தன. வருடம், அதற்குள் மாதம், அதற்குள் நாள், அதற்குள் திகதியும் நேரமும் சேர்ந்த நீண்ட எண் என்று அவை அடுக்கப்பட்டிருந்தன. அப்பர்ச்சர் நூலகம் ஒற்றைக் கோப்புப் போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒரு பொதி. அதை வலது சொடுக்கி ‘ஷோ பேக்கேஜ் கொன்டென்ட்ஸ்’ கொடுத்தால் உள்ளே ‘மாஸ்டர்ஸ்’ என்று ஒரு கோப்புறை இருக்கும். கமராவிலிருந்து இறக்கிய மூலப் படங்கள் அதில் இதே எண் வரிசையில்தான் கிடக்கும். அந்தக் கோப்புறையை மட்டும் வெளியே இழுத்து லைட்ரூமில் போட்டிருக்கிறார்கள். இதற்குப் பெயர் மாற்றித் தருவது அன்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் செய்யக்கூடிய பிரதியெடுப்பு.

திருத்தங்கள் ஏன் இப்படித் தொலைகின்றன என்பதை விளங்கிக்கொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. அப்பர்ச்சர், லைட்ரூம் போன்றவை மூலப் படத்தின் மேல் கை வைப்பதில்லை. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இந்த மூலையிலிருந்து வெட்டு என்ற கட்டளைகளை மட்டும் தனியே எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவற்றைப் படத்தின் மேல் நிறைவேற்றிக் காட்டுகின்றன. ஒரு தையற்காரர் தன் சொந்தக் குறியீட்டில் எழுதிய அளவுக் கொப்பியை இன்னொருவரிடம் கொடுப்பது போன்றதுதான் இந்தக் கட்டளைகளை வேறு மென்பொருளிடம் கொடுப்பது. ஆகவே, திருத்தங்கள் எல்லாம் ஒன்றும் மாறாமல் அப்படியே அப்பர்ச்சரிலிருந்து லைட்ரூமுக்கு வரும் என்று யார் சொன்னாலும் அதை நம்பாதீர்கள். லைட்ரூமைச் செய்யும் அடோபி நிறுவனமே 2014 இன் இறுதியில் 5.7 ஆம் பதிப்போடு அப்பர்ச்சர் நூலகத்தை உள்வாங்கும் ஒரு கருவியைச் சேர்த்துக் கொடுத்தது. அதில் நட்சத்திரங்கள், குறிச்சொற்கள், அல்பங்கள் வரும்; திருத்தங்கள் வரமாட்டா. திருத்திய படத்தின் முழு அளவுத் தோற்றத்தை மூலத்தோடு சேர்த்து ஒரு தனிப் படமாகக் கொண்டுவரலாம், அவ்வளவுதான். அதைப் பயன்படுத்தியிருந்தாலே அந்தக் கல்வெட்டுப் படம் எனக்குக் கையோடு கிடைத்திருக்கும். அதற்குக் கணினியை நீண்ட நேரம் ஓடவிட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ‘மாஸ்டர்ஸ்’ கோப்புறையோடு முடித்துக்கொள்கிறார்கள்.

இதையும் பொறுத்துக்கொண்டிருக்கலாம். பழைய நூலகம் இருந்திருந்தால் மீண்டும் மொஜாவே ஏற்றி எல்லாவற்றையும் மீட்டிருப்பேன். வன்தட்டைத் திறந்து பார்த்தால் நூலகமே இல்லை. கேட்டதற்கு, ஒரே படம் இரண்டு தரம் இடம் பிடிக்கிறது என்று அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதே வன்தட்டில் வேறு கோப்புகளையும் எழுதியிருந்ததால் மீட்பு மென்பொருள் கொண்டு தேடியும் துண்டு துண்டாகத்தான் ஏதோ அகப்பட்டது. நல்ல வேளையாக, 2017 வரையிலான நூலகத்தின் பிரதி ஒன்று வேறொரு வன்தட்டில் அலுமாரியில் இருந்தது. கல்வெட்டுப் படத்தை அதிலிருந்துதான் பின்னர் எடுத்துக் கொடுத்தேன். 2017 க்குப் பின் செய்த வேலைகளுக்கு இன்று என்னிடம் மூலப் படங்கள் மட்டுமே இருக்கின்றன.

உரிமத்தின் கதை இன்னும் கேவலமானது. ‘லைஃப்டைம்’ என்று தந்தது எனக்குத் தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரியில் திறக்கப்பட்ட கணக்கு. அதன் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று எழுதித் தந்திருந்தார்கள். ஒரு நாள் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணக்கு தானாக வெளியேறிவிட்டது; பின்னர் படத்தைத் திருத்தும் ‘டிவலப்’ பகுதி முழுவதும் சாம்பல் நிறமாகி, ஒரு சறுக்கியைக்கூட அசைக்க முடியவில்லை. சந்தா முடிந்தால் லைட்ரூம் கிளாசிக் இப்படித்தான் நடந்துகொள்ளும்: படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம், ‘டிவலப்’ பகுதியில் திருத்த முடியாது. சந்தாவாக மட்டுமே விற்கப்படும் ஒரு மென்பொருளுக்கு ஆயுட்கால உரிமம் என்று ஒன்று கிடையாது. பெரும்பாலும் அது யாருடையதோ ஒரு கணக்கைப் பலருக்குப் பங்குபோட்டு விற்பதாகவே இருக்கும். வேறு சிலர் பழைய ஆறாம் பதிப்பை நிறுவித் தருகிறார்கள். அதன் கடைசி மேம்படுத்தல் 2017 டிசம்பரில் வந்த 6.14, அதற்குப் பின் வந்த கமராக்களின் ரோ கோப்புகளை அது நேரடியாகத் திறக்காது. அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி மாற்றியால் (டிஎன்ஜி என்பது அடோபியின் பொது ரோ வடிவம்) முதலில் மாற்றிக்கொண்டால் திறக்கும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

கடையில் போய்க் கேட்டபோது கிடைத்த பதிலையும் பதிந்துவிடுகிறேன். “அண்ணன், படம் எல்லாம் இருக்குத்தானே, ஒரு படமும் குறையேல்லையே” என்றார் அதே தம்பி. பற்றுச்சீட்டை நீட்டினேன். அதில் ‘தரவு மாற்றம்’ என்ற இரண்டு சொற்களும் தொகையும் மட்டும் இருந்ததைக் காட்டி, சொன்ன வேலையைச் செய்துவிட்டதாக வாதாடினார். வாய்வார்த்தையாகச் சொன்ன நட்சத்திரமும் பெயரும் திருத்தமும் அந்த இரண்டு சொற்களுக்குள் எங்கே இருக்கின்றன? அதனால், வேலை கொடுக்கும்போது என்னென்ன வர வேண்டும், மூல வன்தட்டில் எதையும் அழிக்கக்கூடாது, உரிமம் யாருடைய பெயரில் இருக்கும் என்பவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் கணினியைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடலாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதென்றால், பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். பற்றுச்சீட்டோடு, வாட்ஸ்அப்பில் பேசிய செய்திகளின் படங்களையும் இணைத்தேன். தொலைபேசியில் மட்டும் பேசியிருந்தால் காட்டுவதற்கு எதுவும் இருந்திருக்காது.

இன்னும் அப்பர்ச்சர் இயங்கும் கணினி வைத்திருப்பவர்கள் இயங்குதளத்தை மேம்படுத்தச் சொல்லி வரும் அறிவிப்பை ஏற்காதீர்கள். முதலில் நூலகத்தை இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுங்கள். பின்னர் அப்பர்ச்சருக்குள்ளிருந்தே, நட்சத்திரம் போட்ட படங்களையாவது 16 பிட் டிஃப் கோப்புகளாக ஏற்றுமதி செய்யுங்கள். இடம் நிறையப் பிடிக்கும். ஆனால் எந்த மென்பொருளும் திறக்கும், எந்த நிறுவனமும் நிறுத்த முடியாது. மற்றப் படங்களுக்கு முழு அளவு ஜேபெக் போதும். பெயர்களையும் குறிச்சொற்களையும் படத்தோடு சேர்த்து எழுதும் தெரிவைப் போட மறக்க வேண்டாம். அப்பர்ச்சர் ஏற்கனவே திறக்காமல் போய்விட்டது, ஆனால் நூலகம் அழியவில்லை என்றால், அதே பொதிக்குள் ‘ப்ரிவியூஸ்’ கோப்புறையில் திருத்திய தோற்றத்தின் ஜேபெக் படங்கள் இருக்கும். அவற்றின் அளவு நீங்கள் முன்னர் வைத்திருந்த அமைப்பைப் பொறுத்தது. அல்பத்துக்குப் போதாவிட்டாலும் கல்வெட்டுக்குப் போதும்.

சந்தா கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு டார்க்டேபிள், ரோதெரப்பி என்ற படத்திருத்த மென்பொருள்கள் இரண்டும் முற்றிலும் இலவசம், முற்றிலும் சட்டபூர்வமானவை. திருத்தக் கட்டளைகளை ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் சிறு கோப்பாக எழுதி வைக்கும். பழகுவதற்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை. நான் இப்போது டார்க்டேபிளில்தான் கல்யாண வேலைகளைச் செய்கிறேன், தோல் நிறத்தில் மட்டும் இன்னும் முழுத் திருப்தி வரவில்லை.

என் 2013 ஐமாக்கை முழுவதும் துடைத்து, ஆப்பிளின் தளத்திலிருந்து இறக்கிய மொஜாவேயை ஏற்றி, முன்னர் வாங்கியவற்றின் பட்டியலிலிருந்து அப்பர்ச்சரையும் மீண்டும் நிறுவி வைத்திருக்கிறேன். இணையத்தோடு அதை இணைப்பதில்லை. நூலகம் கையில் இருந்தும் திறக்க வழியில்லாமல் இருப்பவர்கள், நான் ஸ்டூடியோவில் இருக்கும் நேரத்தில் வந்து தாங்களே உட்கார்ந்து ஏற்றுமதி செய்துகொள்ளலாம், பணம் வேண்டாம். வரும்போது நூலகத்தின் பிரதியை மட்டும் கொண்டு வாருங்கள், மூல வன்தட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.