தாரா புக்ஸின் ‘சுனாமி’: ஃபேனை நிறுத்திவிட்டுப் படிக்க வேண்டிய புத்தகம்

இதைப் பஸ்ஸில் படிக்க முடியாது, படுத்துக்கொண்டும் முடியாது. விசிறி மடிப்பாக மடித்த நீளமான ஒரே தாள், தரையில் விரித்தால்தான் முழுசாகத் தெரியும்.

வங்காளத்துப் பட்டுவா கலைஞர்கள் ஜோய்தேப், மொய்னா சித்ரகார் வரைந்தது, 2009இல் சென்னை தாரா புக்ஸ் வெளியிட்டது. பட்டுவாக்கள் படச்சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் காட்டிப் பாடியே கதை சொல்பவர்கள். 2004 சுனாமியைப் பாடிய சுருள்தான் இங்கே புத்தகமாகியிருக்கிறது. அச்சு முழுக்கக் கைவேலை, ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது நம்மூரில் கல்யாணப் பத்திரிகையும் துணிக்கடைப் பையும் அடிக்கிற அதே முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் திரை. தடவினால் மை விரலில் லேசாகத் தட்டுப்படுகிறது.

பக்கம் இருந்தால் புரட்டிவிட்டுப் போய்விடலாம். இதில் அதற்கு வழியில்லை, அடுத்ததைப் பார்க்கும்போதும் முந்தினது அங்கேயே கிடக்கிறது. அலைக்கு ஒரு பெரிய முகம் வேறு வரைந்திருக்கிறார்கள். என் அத்தைக்கு ஊர் கடலூர் தேவனாம்பட்டினம், அலை வந்த அன்று அங்கேதான் இருந்தார். நான் வாங்கியது ஆங்கிலப் பதிப்பு, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. “கடலுக்கு எதுக்குடா மூஞ்சி?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தவர், முதலிலிருந்து ஆரம்பிக்கவே இல்லை, நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து மேலும் கீழுமாகப் போய்த் தன் தெருக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வரிசையாகப் படித்து முடித்த எனக்கு அந்த அளவுக்கு அது பேசவில்லை.

குறைகளும் உண்டு. பாட்டு வெறும் வரிகளாகத்தான் இருக்கிறது, பாடிக் கேட்டால்தானே பட்டுவா? திரும்ப மடிக்கும்போது மடிப்பு மாறினால் ஓரம் நசுங்கும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மேல்தட்டுதான் இதற்கு இடம். அப்புறம், புதுச்சேரியில் நான் வாங்கிய கடையில் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே விடவில்லை. புடவையை மடிப்புக் கலைக்காமல் விற்கிற மாதிரிதான் இது. ஒரு மாதிரிப் பிரதியைப் பிரித்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கதைக்காக மட்டும் என்றால் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் யாராவது கூட உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றால் தாராளமாக வாங்கலாம்.