பட்டர்வொர்த்தில் அம்மாவின் கண்

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மெல்பர்னிலிருந்து மலேசியாவின் பட்டர்வொர்த்துக்குப் போயிருந்த எனக்கு, அம்மா நாளிதழைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பகலில் மட்டும் படிப்பது முதல் நாளே கண்ணில் பட்டது. அந்தி சாய்ந்தால் எழுத்து மங்குகிறது என்று ஒரே ஆண்டில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருக்கிறார். கடைக்காரர் பவரைக் கூட்டிக் கொடுத்தாரே தவிர, எழுபதை நெருங்கும் ஒருவரை விழித்திரைப் பரிசோதனைக்குப் போகச் சொல்லவில்லை; அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஃபெர்ரியில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்குச் சென்று ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்ட தாதி, சில மணி நேரம் வெளிச்சம் கூசும் என்று தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். பிறகு விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி படம் எடுத்தார்கள். மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சீராக ஓட வேண்டிய கோடு, பாய்க்கு அடியில் புளியங்கொட்டை சிதறியதுபோல் அங்கங்கே மேடிட்டிருந்தது.

அந்த மேடுகளுக்கு ட்ரூசன் என்று பெயர். விழித்திரையின் நிறமிச் செல்களுக்கும் அவற்றைத் தாங்கும் புரூக் சவ்வுக்கும் இடையில் கொழுப்பும் புரதமும் சேர்ந்து படிந்தவை அவை. முதுமையில் சிறிய படிவுகள் சில இருப்பது இயல்புதான். ஆனால் அம்மாவின் இரு கண்களிலும் 125 மைக்ரானுக்கு மேற்பட்டவை இருந்ததால், விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவின் சிதைவில் இது நடுத்தர நிலை என்றார் மருத்துவர். எல்லோருக்கும் இது முற்றுவதில்லை என்றாலும், முற்றினால் ஒளியுணரும் செல்கள் மெல்ல அழியலாம், அல்லது புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியலாம். கசிவுக்குக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், அதில் தாமதம் கூடாது.

வைட்டமின், துத்தநாகக் கலவை மாத்திரை இந்த நிலையிலிருந்து முற்றும் அபாயத்தைச் சுமார் 25 விழுக்காடு குறைப்பதாக 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. மாமா தம் அலமாரியிலிருந்த பழைய புட்டியை அன்போடு கொடுத்தார். அதில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் இருந்தது. புகைப்பவர்களுக்கு அது நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். நெடுங்காலம் புகைத்த மாமாவே அதை விழுங்கிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது இருவருக்கும் அதற்குப் பதிலாக லூட்டீன், சியாசாந்தின் என்னும் தாவர நிறமிகள் சேர்ந்த கலவையைப் பற்றி மருத்துவரிடமே கேட்டுக்கொண்டோம். மாமாவின் கண்ணையும் பரிசோதிக்க நாள் குறித்தாயிற்று.

நேர்கோட்டுக் கட்டங்களும் நடுவில் ஒரு புள்ளியும் கொண்ட ஆம்ஸ்லர் கட்டம் அச்சிட்ட தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. தினமும் காலையில் அம்மா ஒரு கண்ணைப் பொத்தி நடுப்புள்ளியைப் பார்க்கிறார். பிறகு மறு கண். கோடு நெளிந்தால் அன்றைக்கே தங்கை அழைத்துப்போவாள்.