புதுத் தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர்: பாத்தியா, பானையா, சொட்டா?

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் காடுகளில் மார்கழி, தையில் தென்னை நட்டால் வேர் பிடிப்பதற்குள் மாசி வெயில் வந்துவிடும். அதைத் தாண்டினால் ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று இளங்கீற்றைக் காயவைத்துவிடும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து கிளம்பும் வேர்கள் முதல் வருசம் நட்ட குழியைத் தாண்டிப் போவதில்லை. பத்தடி கீழே ஈரம் இருந்து என்ன செய்ய?

வட்டப்பாத்திக்குச் செலவு இல்லை. ஓஸைப் போட்டு நிரப்பினால் வேலை முடிந்தது. களிமண்ணாக இருந்தால் தாராளமாக இதையே செய்யலாம். சரளைக்காட்டில் பாதித் தண்ணீர் வேருக்கு எட்டாமல் கீழே இறங்கிவிடும், முதல் வருசம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பாய்ச்சியே ஆகவேண்டும். இன்னொன்றும் உண்டு: மூன்றடிக் குழிக்குள் தாழ்வாக நிற்கிற பிள்ளை அது. தண்ணீர் வேகமாகப் பாயும்போது கரை மண் சரிந்து கழுத்தை மூடும், கவனிக்காமல் விட்டால் குருத்து அழுகும். தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் பிள்ளையே போயிற்று. ஆகவே பாய்ச்சி முடித்ததும் கையால் மண்ணை விலக்கிவிடுங்கள்.

மண்பானை எனக்கு மிகவும் பிடித்த முறை. பிள்ளைக்கு இருபுறமும் ஓரடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, நிரப்பி, மூடிவைக்க வேண்டும். மண் காயக் காயப் பானை கசியும், ஈரமானால் கசிவு தானாகக் குறையும். வீட்டுக் கொல்லையில் பத்துப் பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 பிள்ளை வரும். 140 பானையை யார் நிரப்புவது? போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பானையின் கண்களும் நாளடைவில் அடைத்துக்கொள்ளும்.

ஏக்கர் கணக்கில் என்றால் சொட்டுநீர்தான். அதிலும் கண் வேண்டும். உப்பு படிந்து துளை அடைக்கும், கோடையில் எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும். மேலே தட்டளவு ஈரம் தெரிவதைப் பார்த்து ஏமாறாமல், வாரம் ஒருமுறை ஒரு சாண் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும். சொட்டுவானைத் தண்டை ஒட்டி வைக்காமல் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, பிள்ளை வளர வளரத் தள்ளிக்கொண்டே போகவேண்டும்.

எந்த முறையானாலும் முதல் காசைத் தேங்காய் மட்டைக்குத்தான் செலவழிப்பேன். நடும்போதே குழியின் அடியில் இரண்டு அடுக்கு, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கினால் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மேல்மண்ணுக்கு மூடாக்காகப் போடும்போது நேர்மாறு: குழிந்த பக்கம் கீழே, முதுகு மேலே. அப்போதுதான் ஈரம் ஆவியாகாமல் நிற்கும். கரையான் ஏறுகிறதா என்று மட்டும் அவ்வப்போது புரட்டிப் பாருங்கள். மேற்கு வெயிலுக்குப் பின்னிய கீற்றில் ஒரு தடுப்பு போதும்.

சொட்டுநீர் போட்டவர்கள் கோடை மழையின் முதல் தூறலில் மோட்டாரை நிறுத்தவேண்டாம். ஈரவட்டத்தின் ஓரத்தில் சேர்ந்திருக்கும் உப்பை லேசான மழை கரைத்து வேர்ப்பக்கம் இழுத்துவரும். நல்ல மழை பிடிக்கும்வரை சொட்டு ஓடட்டும்.